நோய் கல்லீரலில், அளவுகோலோ எடைக் கருவியில்

உடல் எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசி மருந்தை, இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2025 ஜூன் மாதம் முதல் குடும்ப மருத்துவர்கள் வழியாகப் படிப்படியாக வழங்கத் தொடங்கியது. முதற்கட்டத்தில் அதனைப் பெற, உடல் நிறைக் குறியெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும் என்றும், இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்புக் கோளாறு, இதய இரத்தநாள நோய், உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகிய ஐந்தில் நான்கேனும் இருக்கவேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது. தெற்காசிய வம்சாவளியினருக்குக் குறியெண் 37.5 எனத் தளர்த்தப்பட்டது. ஆனால் அந்த ஐந்து நோய்களின் பட்டியலில் கொழுப்புக் கல்லீரல் நோய் இடம்பெறவில்லை.

உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரிடம் காணப்படுவதாக மதிப்பிடப்படும் நோய் இது. இலங்கையின் ராகமையில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்று, பரிசோதிக்கப்பட்டவர்களில் 32.6 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டறிந்தது.

இதன் வேர் இன்சுலின் எதிர்ப்பில் இருக்கிறது. சர்க்கரை உற்பத்தியைக் கட்டுப்படுத்துமாறு கல்லீரலுக்கு இன்சுலின் இடும் கட்டளை, கொழுப்பு நிறைந்த கல்லீரலில் சரிவரச் செயற்படுவதில்லை. அதை ஈடுசெய்யக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலினோ, கல்லீரலில் புதிய கொழுப்பு உருவாவதைத் தூண்டுகிறது. இந்த நச்சு வட்டம் நீடித்தால் சிலருக்கு அழற்சியும் தழும்பும், இறுதியில் கல்லீரல் இறுக்கமும் ஏற்படுகின்றன.

கொழுப்பு குறைந்தால் வட்டம் உடைகிறது. 2005 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வில், நீரிழிவு நோயாளர் எட்டுப் பேர் சராசரியாக 8 கிலோ குறைந்தபோது, கல்லீரல் கொழுப்பு பெருமளவு கரைந்து, கல்லீரலின் இன்சுலின் எதிர்ப்பு ஏறக்குறைய முற்றாக நீங்கியது. அவர்களுடைய எடை அப்போதும் மெலிந்தவர்களின் எடையாக இருக்கவில்லை. 2015 இல் வெளியான கியூபா ஆய்வில், எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்குக் கல்லீரல் அழற்சி நீங்கியது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பும் குறைந்தது. ஆனால் அந்த அளவை எட்டியவர்கள், பங்கேற்றோரில் பத்தில் ஒருவரே.

மருந்துகளின் தேவை இங்குதான் எழுகிறது. கல்லீரல் தழும்பு மிதமானது முதல் முற்றியது வரை உள்ள, ஆனால் இறுக்க நிலையை எட்டாத நோயாளர்களுக்கு செமாக்ளூடைட் மருந்தைப் பயன்படுத்த 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதற்கு அடிப்படையான பரிசோதனையில், 72 வாரங்களில் 62.9 சதவீதத்தினருக்கு அழற்சி நீங்கியது. போலி ஊசி பெற்றவர்களில் இது 34.3 சதவீதம். எனினும், எடைக் குறைப்புக்காக இம்மருந்தைப் பயன்படுத்தியவர்கள் அதை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக 2022 இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலும், குறையும் எடையில் ஒரு பகுதி தசையாகும். உணவுக்குப் பின் இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவில் உள்வாங்குவது தசையே என்பதால், அதைக் காக்கும் உடற்பயிற்சியும் போதிய புரதமும் இன்றியமையாதவை.

தெற்காசியரைப் பொறுத்தவரை எடை என்ற அளவுகோலே ஏமாற்றக்கூடியது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் யட்கின் ஆகிய இருவரும் 2004 இல் தங்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்கினர். இருவரது குறியெண்ணும் 22.3 தான். ஆனால் யட்கினின் உடலில் 9.1 சதவீதம் கொழுப்பு. யாக்னிக்கின் உடலிலோ 21.2 சதவீதம். கொழுப்புக் கல்லீரல் நோய்க்குப் புதிய பெயரும் வரையறையும் 2023 இல் வகுக்கப்பட்டபோது, ஆசியர்களுக்குக் குறியெண் 23 என்பதே வரம்புகளில் ஒன்றாக ஏற்கப்பட்டது. இடுப்புச் சுற்றளவும் கணக்கில் எடுக்கப்பட்டது. ஆக, நோயை வரையறுக்கும்போது 23, முதற்கட்டத்தில் மருந்தைப் பங்கிடும்போது 37.5 என்ற இடைவெளி உருவானது.

வரம்புக்குட்பட்ட நிதியில், மிகுந்த ஆபத்தில் இருப்பவர்களுக்கே முதலிடம் என்ற அரசுத் தரப்பு வாதம் நியாயமற்றதல்ல. ஆனால் ஆபத்தை எடைக் கருவியைக் கொண்டு மட்டுமே அளக்கத் தேவையில்லை. வயது, இரு கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படும் ஃபிப்-4 என்ற மதிப்பெண், தழும்புக்கான வாய்ப்பை மலிவாகக் காட்டக்கூடியது. அத்தகைய அளவுகோல்களுக்குக் கொள்கையில் இடமளிப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

மெலிந்த தோற்றமுடைய நோயாளருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அவர்களுக்கு 3 முதல் 5 சதவீத எடைக் குறைப்பே பரிந்துரைக்கப்படுகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று கிலோ மட்டுமே. அதற்கு ஊசிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தமக்கு நோய் இருப்பது அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும். குண்டாக இருப்பவர்களை மட்டுமே தேடும் ஒரு சுகாதார அமைப்பு, அவர்களைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.