எந்த விழுப்புரம்?

திண்டிவனத்தில் ஒரு மாணவி பள்ளிக் கட்டுரைக்காக ‘விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகை’ என்று கைபேசியில் தேடினால், 34 லட்சத்து 58 ஆயிரம் என்ற எண் முன்னால் வந்து நிற்கக்கூடும். அது பொய்யல்ல, 2011 கணக்கெடுப்பின் எண். ஆனால் 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. இன்றைய விழுப்புரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

தேடலில் வரும் பக்கங்களின் தரத்தை அளக்க கூகுள் தன் மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் வழிகாட்டி அனுபவம், நிபுணத்துவம், அங்கீகாரம், நம்பகத்தன்மை என்று நான்கைப் பார்க்கச் சொல்கிறது. அவற்றில் நம்பகத்தன்மையே முதன்மை என்கிறது. சரியான வரிசை. ஆனால் எந்த ஆண்டு, எந்த எல்லை என்று சொல்லாத பக்கம் எத்தனை நீளமாக இருந்தாலும் அரைகுறைதான்.

பள்ளிக் கட்டுரையோடு இது முடிவதில்லை. 2024 ஃபெஞ்சல் புயலில் இதே மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அத்தகைய இரவில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று தேடுபவருக்கு நேரம் குறிக்காத பழைய தகவல் உயிருக்கே ஆபத்து.

அரசு அலுவலகங்கள் யாரும் கேட்காமலே தகவல்களை வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. மாவட்ட நிர்வாகம் தன் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, எல்லை, ஆதாரம் மூன்றையும் பொறிக்கட்டும். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலப் பக்கத்தோடு அதே நாளில் திருத்தட்டும்.