பொய் சொல்லி நாயைக் கொடுக்காதீர்கள்!

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்” என்பது பழமொழி.

கல்யாணத்துக்கு அது சரியா, தப்பா என்பது வேறு பேச்சு. ஆனால், நாய்க்கு வீடு தேடும்போது அது கூடவே கூடாது. அங்கே ஒரு பொய் சொன்னாலும் ஆபத்து!

நாய்க்கு வீடு தேடுவதா? ஆம். தெருவில் அடிபட்டுக் கிடந்த நாய்கள், வளர்த்தவர்களே கைவிட்ட நாய்கள் ஆகியவற்றை எடுத்து வந்து காப்பாற்றும் காப்பகங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. சென்னையில் உள்ள “புளூ கிராஸ்” அவற்றுள் பழமையான ஒன்று. 1959-ம் ஆண்டு கேப்டன் சுந்தரம் என்ற விமானி, தம் குடும்பத்தாருடன் சேர்ந்து அதைத் தொடங்கினார்.

ஒரு காப்பகத்தில் எத்தனை நாய்களைத்தான் வைத்துக்கொள்ள முடியும்? ஆகவே, வளர்க்க விரும்புகிறவர்களுக்குத் தத்து கொடுக்கிறார்கள். நல்ல காரியம்.

குட்டி நாய்க்கு உடனே வீடு கிடைத்துவிடும். சாதுவான நாய்க்கும் கிடைத்துவிடும். ஆனால், நாள் முழுவதும் துள்ளிக் குதிக்கும் நாய்? இன்னொரு நாயைக் கண்டதும் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாயப் பார்க்கும் நாய்? அதற்கு யார் வீடு கொடுப்பார்கள்?

கூண்டுக்கு முன்னால்...

ஞாயிற்றுக்கிழமை அன்று ஒரு குடும்பம் காப்பகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள்.

முதல் கூண்டில் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது கூண்டில் ஒரு நாய் படுத்திருக்கிறது. மூன்றாவது கூண்டுப் பக்கம் போனதும், உள்ளே இருக்கும் நாய் கம்பி மேல் ஏறிக் குதிக்கிறது. குரைக்கிறது. சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

“அப்பா, எனக்குப் பயமா இருக்கு!” என்று சின்னப் பெண் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்கிறாள். குடும்பம் அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறது.

அடுத்த வாரமும் இதே கதைதான். ஒரு மாதம் போகிறது. ஒரு வருடம் போகிறது. கூண்டில் அடைபட்டிருக்கும் நாய்க்கு ஓட வழி இல்லை. ஓட முடியாததால் இன்னும் குதிக்கிறது. குதிப்பதால் யாரும் எடுப்பதில்லை. யாரும் எடுக்காததால் கூண்டிலேயே கிடக்கிறது.

இது நாயின் குற்றமா?

ஓடப் பிறந்த கால்கள்

நம் நாட்டு நாய்களையே பாருங்கள். ராஜபாளையம் நாய், கோம்பை நாய் இவை காட்டுப் பன்றி வேட்டைக்குப் போனவை. சிப்பிப்பாறை நாய் முயலைத் துரத்திப் பிடிக்கும். காற்றாய்ப் பறக்கும்!

ராஜபாளையம் நாயின் பெருமைக்காக 2005-ம் ஆண்டு இந்தியத் தபால் துறை ஒரு தபால் தலையே வெளியிட்டது. தபால் தலையில் இடம் பிடித்த நாய், மூன்றாவது மாடி வீட்டின் பால்கனியில் கட்டிப் போடப்பட்டால் என்ன செய்யும்? செருப்பைக் கடிக்கும். கதவைப் பிராண்டும். விடிய விடியக் குரைக்கும். “சனியன் பிடித்த நாய்” என்று பெயர் வாங்கும். கடைசியில் காப்பகத்துக்கு வந்து சேரும்.

வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவையும் உண்டு. பின்னால் இருந்து திடீர் என்று தொட்டால், அது திடுக்கிட்டுத் திரும்பும். பல் படலாம். “கெட்ட நாய்” என்கிறோம். அதற்குக் காது கேட்கவில்லை என்பதே பலருக்குத் தெரிவதில்லை!

கோபமா? பயமா?

மற்ற நாயைக் கண்டதும் பாய்கிறதே, அது சண்டைக்கார நாய்தானே என்று கேட்பீர்கள்.

எப்போதும் அப்படி இல்லை. பல நாய்கள் பயத்தால்தான் குரைக்கின்றன. “கிட்டே வராதே, போ!” என்பதுதான் அந்தக் குரைப்புக்கு அர்த்தம். கழுத்தில் சங்கிலி இருப்பதால் விலகி ஓட முடியாது. ஆகவே, முன்னால் பாய்ந்து மிரட்டுகிறது. எதிரே வந்த நாய் தன் வழியே போய்விடுகிறது. “நான் குரைத்தேன், அது போய்விட்டது” என்று இது நினைத்துக்கொள்கிறது. மறுநாள் இன்னும் பலமாகக் குரைக்கிறது.

சில நாய்கள் ஆசையாலும் இப்படிச் செய்யும். ஓடிப் போய் விளையாட வேண்டும், சங்கிலி விடவில்லை. அந்தத் தவிப்புதான் குரைப்பாக வருகிறது.

மனிதரைக் கடித்துக் குதறிய நாய் வேறு. அதை நான் இங்கே சொல்லவில்லை. அப்படிப்பட்ட நாயைக் குழந்தை குட்டி உள்ள வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. கால்நடை டாக்டரும், நாய் பழக்கத் தெரிந்தவர்களும் பார்த்துத்தான் அதைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

“ரொம்ப சாதுங்க!”

இனி பொய்க்கு வருவோம்.

நாயைக் கொடுப்பவருக்கு அதன் மேல் பாசம். எப்படியாவது ஒரு வீடு கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்.

“இந்த நாய் எப்படிங்க?”

“ரொம்ப சாதுங்க! ஒரு தொந்தரவும் இல்லை.”

நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்தான். ஆனால் என்ன ஆகிறது? வீட்டில் ஏற்கனவே ஒரு நாய் இருக்கிறது. முதல் நாளே சண்டை. அல்லது தவழும் குழந்தையைத் தள்ளிவிடுகிறது. பத்தாம் நாள் நாய் திரும்பி வந்துவிடுகிறது. திரும்பி வந்த நாய்க்கு “ஒரு வீட்டிலிருந்து துரத்தப்பட்டது” என்ற கெட்ட பெயர் வேறு. அடுத்த வீடு கிடைப்பது இன்னும் கஷ்டம்.

இதையும் விடக் கொடுமை ஒன்று உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு காப்பகத்துக்கு வராமல், இருட்டில் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். இது சட்டப்படி குற்றம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு வழி காட்டியவர் யார் தெரியுமா? நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல்! அவர் ராஜ்யசபை உறுப்பினராக இருந்தபோது இதற்காகத் தனி மசோதா கொண்டு வந்தார்.

மூன்று பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். துள்ளும் நாய்க்கு மூன்று பொருத்தம் பார்த்தால் போதும்.

ஒன்று: நேரப் பொருத்தம். தினமும் காலையும் மாலையும் நாயுடன் நடக்கவோ ஓடவோ வீட்டில் ஆள் வேண்டும். வெயில் காலத்தில் விடிவதற்கு முன்னும், பொழுது சாய்ந்த பின்னும்தான் போக வேண்டும். தார் ரோட்டுச் சூடு நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும்.

இரண்டு: ஆள் பொருத்தம். தவழும் குழந்தை, தள்ளாத பாட்டி உள்ள வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம். வேறு நாய் இல்லாத வீடு நல்லது. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடு, ஓடிப் பழகிய வாலிபர் உள்ள வீடு மிகவும் நல்லது.

மூன்று: இடப் பொருத்தம். தோட்டம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தனியாக விட்டால் நாய் தோட்டத்தில் ஓடாது. கேட்டருகே நின்று தெருவைப் பார்த்துக் குரைக்கும். தோட்டத்தைவிடத் துணை முக்கியம். சின்ன வீடாக இருந்தாலும், தினமும் ஓடக் கூட்டிப் போகும் மனிதர் இருந்தால், அந்த வீடே அரண்மனை!

வேண்டாத நாய் வீரன் ஆனது!

பொருத்தம் சரியாக அமைந்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

வில்மா மெல்வில் என்பவர் ஓய்வு பெற்ற தேகப்பயிற்சி ஆசிரியை. 1995-ம் ஆண்டு ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்துக் கட்டிடம் இடிந்தபோது, தம் நாயுடன் அங்கே தேடும் பணிக்குப் போனார். இடிபாட்டில் மனிதரைத் தேடப் பழகிய நாய்கள் மிகக் குறைவு என்று கண்டார். 1996-ம் ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு நாய்களை எங்கே பிடித்தார்? பெரும்பாலும் காப்பகங்களில்தான்! வீட்டுக்கு ஒத்துவராத துள்ளலும், விடாப்பிடியும் அந்த வேலைக்குத் தேவையாக இருந்தன.

சியாட்டில் நகரில் டக்கர் என்று ஒரு கறுப்பு நாய். தெருவில் திரிந்த நாய். பந்து என்றால் உயிரை விடும். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதைப் பழக்கினார்கள். என்ன வேலை தெரியுமா? படகின் முனையில் நின்றுகொண்டு, கடலில் மிதக்கும் திமிங்கிலச் சாணத்தை மோப்பம் பிடிப்பது! அதை வைத்துத் திமிங்கிலங்களின் உடல்நிலையை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். டக்கருக்குச் சம்பளம்? ஒரு பந்து விளையாட்டு!

எல்லா நாயும் இப்படி ஆகாது; ஆக வேண்டியதும் இல்லை. வீட்டு நாய்க்கும் வேலை கொடுக்கலாம். சோற்றைத் தட்டில் வைக்காமல், அங்கங்கே ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் களைத்துத் தூங்கும்.

அடித்தால் திருந்துமா?

திருந்தாது. இன்னும் கெடும்.

1904-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், நாய்களை வைத்து ஓர் உண்மையைக் கண்டார். ஓர் ஓசை கேட்ட பிறகு உணவு வரும் என்று பழகிவிட்டால், அந்த ஓசை கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும்.

இதே வித்தைதான் இங்கேயும். தூரத்தில் இன்னொரு நாய் தெரிகிறது. உங்கள் நாய் குரைக்கத் தொடங்கும் முன், அவ்வளவு தூரத்திலேயே நின்று ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். அந்த நாய் போனதும் நிறுத்திவிடுங்கள். நாளுக்கு நாள் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். “வேறு நாய் வந்தால் எனக்குக் கறி கிடைக்கும்” என்று உங்கள் நாய் கற்றுக்கொள்ளும். ஒரே வாரத்தில் நடக்காது. பல மாதம் ஆகலாம்.

வேறு நாயைப் பார்த்தபோது அடித்தால் என்ன கற்றுக்கொள்ளும்? “வேறு நாய் வந்தால் எனக்கு அடி விழும்” என்றுதான்! அப்புறம் வேறு நாயை எப்படி அதற்குப் பிடிக்கும்?

வெளியே போகும்போது வாய்க்கூடு போடப் பழக்குங்கள். அதற்குள் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க இடம் இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓர் இரவு விருந்தாளி

எடுக்கலாமா, வேண்டாமா என்று சந்தேகமா? சில நாள் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் 5 காப்பகங்களில் இருந்த 207 நாய்களை ஓரிரு இரவு மனிதர் வீட்டில் தங்க வைத்துப் பார்த்தார்கள். 2019-ம் ஆண்டு அந்த ஆராய்ச்சி வெளியானது. வீட்டில் இருந்தபோது நாய்களின் உடலில் மனக்கலக்கத்தைக் காட்டும் சுரப்பு குறைந்திருந்தது. நன்றாக ஓய்வு எடுத்தன.

ஆகவே, கூண்டில் கத்தும் நாயைப் பார்த்து, “இதுதான் இதன் குணம்” என்று முடிவு கட்டாதீர்கள். ரெயில் நிலையத்தில் படுத்துத் தூங்கச் சொன்னால் நமக்கும்தான் எரிச்சல் வரும்!

மனிதனுக்கே வீடு இல்லையே?

“மனிதனுக்கே வீடு இல்லை, நாய்க்கா வீடு தேடுகிறாய்?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பொருந்தாத வீட்டிலிருந்து துரத்தப்பட்ட நாய் எங்கே போகும்? நம் தெருவுக்குத்தான் வரும். பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகள்தான் அதன் எதிரே நடப்பார்கள்.

2025 ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. தெரு நாயைத் தத்து எடுக்கிறவர்கள், அது மீண்டும் தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் சொன்னது. நவம்பர் 7-ந் தேதி இன்னோர் உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் உள்ள தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும் என்றது. கூண்டுகள் நிரம்பினால், துள்ளும் நாய்க்குத்தான் முதலில் இடம் இல்லாமல் போகும். நாய்க்குச் சரியான வீடு பார்ப்பது, மனிதருக்கும் செய்யும் உதவிதான்!

இப்படி எழுதுங்கள்

காப்பகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மணமகன் தேவை விளம்பரம் போல, நாய்க்கும் ஒரு விளம்பரம் எழுதுங்கள். ஆனால் உண்மையை எழுதுங்கள். உதாரணமாக:

“வீடு தேவை. பெயர் மணி. வயது 2. நாட்டு நாய். கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி ஆகிவிட்டன. தினமும் இரண்டு வேளை ஓட வேண்டும். மற்ற நாய்களைக் கண்டால் பாயும். பந்து பிடிப்பதில் சூரன். தெரிந்தவர் மடியில் தலை வைத்துத் தூங்குவான். வேறு நாயும், சிறு குழந்தையும் இல்லாத வீடு தேவை. 10 நாள் வைத்துப் பார்க்கலாம். ஒத்துவராவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம்.”

இதைப் படித்தால் பலர் “வேண்டாம்” என்று போய்விடுவார்கள். போகட்டும்! அவர்கள் வீடு மணிக்குப் பொருந்தாது. ஊரில் எங்கோ ஒருவர், தினமும் விடியற்காலையில் தனியாக ஓடிக்கொண்டு இருப்பார். துணைக்கு ஓட ஒரு நாய் கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டு இருப்பார். அவர் கண்ணில் இது பட்டால் போதும்.

மணிக்கு நூறு வீடு தேவை இல்லை. ஒரே ஒரு வீடு போதும்!