காரைக்குடி மாநகராட்சி: மாலை யாருக்கு? சாவி யாரிடம்?

1928-ம் வருஷத்தில் முனிசிபாலிட்டியான காரைக்குடி, 2024-ல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. கோட்டையூரும் கண்டனூரும் சங்கராபுரமும் அதனோடு சேர்க்கப்பட்டன. ஊருக்குப் பெருமை வந்துவிட்டதென்று சிலர் பூரிக்கின்றார்கள். பட்டத்தைக் கண்டு மயங்குவது நம்மவர்களுக்குப் பழைய வியாதி. பட்டத்தோடு அதிகாரமும் பணமும் வந்தனவா என்று கேட்பதே பகுத்தறிவுள்ளவர் வேலையாகும்.

தேரில் வரும் சாமிக்கு மாலையும் மரியாதையும் உண்டு. உண்டியல் சாவியோ தர்மகர்த்தாவின் இடுப்பில் இருக்கும். நமது நகரசபைகளின் யோக்கியதையும் இதுதான். ஜனங்கள் கவுன்சிலர்களையும், கவுன்சிலர்கள் மேயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், ஆபீசை நடத்தும் கமிஷனரை நியமிப்பதும் மாற்றுவதும் சென்னைக் கோட்டையாகும். 1992-ம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தம் நகரசபைகளுக்கென்று 18 வேலைகளைக் குறித்தது. ஆனால், அவற்றைக் கொடுப்பதும் கொடாததும் மாநில சர்க்காரின் இஷ்டத்திற்கு விடப்பட்டது. 2016 அக்டோபர் முதல் 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே இல்லை. தனி அதிகாரிகளே ஆண்டார்கள்.

பணத்தின் கதை என்ன? நகரசபையின் சொந்த வரும்படியில் முக்கியமானது வீட்டு வரி. 2022-ல் அது 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. உயர்த்தாவிட்டால் மத்திய நிதிக் கமிஷன் மான்யம் வராது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அதாவது டில்லி நிபந்தனை போட, சென்னை உத்தரவு போட, திட்டு வாங்குவது வார்டு கவுன்சிலர்! கிராமமாயிருந்து நகரத்தில் சேர்க்கப்பட்ட ஏழைக்கோ, நகர வரி வரும். ஊரக வேலைத் திட்டத்தின் கூலி போகும்.

"கவுன்சிலர்கள் கையில் அதிகாரம் கொடுத்தால் கொள்ளையடிப்பார்கள்" என்கிறார்கள். உனக்கு ஆளத் தகுதியில்லை என்று வெள்ளைக்காரன் சொன்னதும், படிக்கத் தகுதியில்லை என்று பார்ப்பனன் சொன்னதும் இதே நியாயமல்லவா? திருடினால் தணிக்கை செய்து தண்டியுங்கள். உரிமையை ஏன் பறிக்கிறீர்கள்? டில்லியிடம் மாநில சுயாட்சி கேட்கும் நாம், காரைக்குடிக்கு அதைக் கொடுக்க மறுப்பது எப்படி நியாயமாகும்?

பணமில்லையென்றால் முதலில் வயிறு காய்வது யார்? ஜாதியின் பேரால் குப்பையும் சாக்கடையும் தலையில் கட்டப்பட்ட தோழர்களே! வேலையைக் காண்ட்ராக்டில் விடுவதற்குப் பணமில்லை என்பதே சாக்காகின்றது.

ஆகவே தோழர்களே! மாநில வரியில் நகரத்தின் பங்கு தயவல்ல, உரிமை என்று கேளுங்கள். வார்டு கமிட்டி, பகுதி சபை விதிகள் 2022 முதல் இருக்கின்றன. அங்கே போய் வரவு செலவைக் கேளுங்கள். துப்புரவுத் தொழிலாளியின் கூலியை முதலில் கேளுங்கள். கேள்வி கேட்காத ஊருக்கு மாநகராட்சி என்பது வெறும் போர்டுதான்.