தென்னையும் குழந்தையும் எந்தப் படைக்கு எதிரி?



அணுகுண்டைப் பற்றிய பேச்சு எழும்போது, யாரிடம் பெரிய குண்டு இருக்கிறது என்றே நம் இளைஞர்களிற் பலர் கேட்கின்றனர். வெடித்தபின் அதனை அடக்குவது யார் என்று கேட்போர் அரிது. அதற்கான விடை பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில் இருக்கிறது.

1946-ஆம் ஆண்டு, பிகினித் தீவின் 167 மக்களைத் தம் மண்ணை விட்டு அகலுமாறு அமெரிக்கக் கடற்படை கேட்டது. மனிதகுலத்தின் நன்மைக்காக என்று காரணம் கூறப்பட்டது. 1954 மார்ச் 1 அன்று அங்கே ‘காசில் பிராவோ’ என்னும் ஐதரசன் குண்டு வெடிக்கப்பட்டது. விஞ்ஞானிகள் எதிர்பார்த்த ஆற்றல் ஏறத்தாழ 6 மெகாடன். வெளிப்பட்டதோ 15 மெகாடன். ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! எரிபொருளில் இருந்த லித்தியம்-7 வினையில் பெரிதும் பங்கேற்காது என்று கருதியதே பிழை. ஆக்கியவர்களுக்கே அதன் அளவு தெரிந்திருக்கவில்லை.

பவளப்பாறை பொடியாகி, கதிரியக்கம் ஏறிய வெண்சாம்பலாய் எழுந்து, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் கிழக்கே ரொங்கெலாப் தீவில் பொழிந்தது. இன்னதென்று அறியாத குழந்தைகள் அதில் விளையாடினர். இரண்டு நாள் கழித்தே மக்கள் வெளியேற்றப்பட்டனர். முதலில் வாந்தி, பின்னர் தோற்புண்களும் முடியுதிர்தலும், ஆண்டுகள் சென்றபின், அன்று குழந்தைகளாயிருந்த பலருக்குத் தைராய்டுக் கட்டிகள். அக்கடலில் மீன்பிடித்த ஜப்பானியப் படகின் 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் அவ்வாண்டு செப்டம்பரில் மரணமடைந்தார்.

தீங்கு அத்துடன் நிற்கவில்லை. சீசியம்-137 பொட்டாசியத்தை ஒத்திருப்பதால், மரங்கள் அதனையும் மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன. 1970-களில் பிகினிக்குத் திரும்பியோர் தேங்காய் முதலியவற்றை உண்டதால் அவர்கள் உடலில் சீசியம் மிகுந்தது. 1978-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். தென்னை பசுமையாகவே நின்றது. அதன் காய்தான் உண்ணத் தகாததாயிற்று.

போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஷாம் நோக்கிப் படை அனுப்பியபோது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது எனக் கலீஃபா அபூபக்ர் (ரழி) அவர்கள் அறிவுறுத்தியதாக அறிவிக்கப்படுகிறது. இவ்வரம்புக்குள் நிற்கக்கூடிய ஆயுதமா இது?

“எதிரியிடம் இருக்கும்போது நம்மிடம் இல்லாதிருப்பது எங்ஙனம்?” என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும், பிராவோ எந்தப் போரிலும் வீசப்பட்டதன்று. அது வெறும் சோதனை. பகைவனே இல்லாத இடத்தில் இத்துணை அழிவெனில், பகைவன் மீது வீசினால் யாரைக் காப்பாற்ற இயலும்?

அக்குண்டுக்குப் பின் உலகெங்கும் எழுந்த எதிர்ப்பு, 1963-இல் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்த ஒப்பந்தத்துக்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்று. ஆகவே, குரல் கொடுப்பது வீணன்று.

பெற்றோரே, எந்த நாட்டின் குண்டையேனும், அது முஸ்லிம் நாட்டினுடையதேயாயினும், உங்கள் பிள்ளைகள் பெருமையாகப் பேசக் கேட்டால், சாம்பலில் விளையாடிய ரொங்கெலாப் குழந்தைகளைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லறிவை வழங்குவானாக, ஆமீன்.