பதினொன்றரை வருடக் கணக்கு

வீட்டில் பிள்ளை "குழந்தைகளுக்குக் கேன்சர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஆகணும்" என்று சொன்னால், நாம் கேட்கும் முதல் கேள்வி: "எப்ப செட்டில் ஆவே?" நான் பி.காம். படித்த வங்கிக்காரன். மருத்துவம் தெரியாது, கணக்கு தெரியும். போட்டுப் பார்ப்போமே.

நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., ஹவுஸ் சர்ஜன் சேர்த்து ஐந்தரை வருடம். மறுபடி நுழைவுத் தேர்வு, எம்.டி. குழந்தை மருத்துவம் 3 வருடம். மூன்றாவது நுழைவுத் தேர்வு, டி.எம். குழந்தைப் புற்றுநோய் 3 வருடம். ஆக பதினொன்றரை. எங்கும் சறுக்காமல் போனாலே வயது முப்பதை நெருங்கிவிடும். அதற்குள் எதிர் வீட்டு சாஃப்ட்வேர் பையன் ஃப்ளாட் வாங்கியிருப்பான்!

ஆனால் இத்தனை வருடமும் செலவு என்று எழுதுவது தப்புக் கணக்கு. அரசுக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன் காலத்திலிருந்தே உதவித்தொகை வரும். எம்.டி., டி.எம். படிப்பவர்கள் வார்டில் வேலை பார்க்கும் டாக்டர்கள்தான். தனியார் கல்லூரி என்றால் கதை வேறு. படிக்கும் காலத்திலும் கடனுக்கு வட்டி ஏறும், அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏன் இவ்வளவு நீளம்? குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையே இரண்டு, மூன்று வருடம் நடக்கும். ஒரு குழந்தையை முதல் ஊசியிலிருந்து கடைசி மாத்திரை வரை கூடவே இருந்து பார்த்துக் கற்க, டி.எம்.மின் மூன்று வருடம் அதிகமா என்ன? பணக்கார நாடுகளில் இந்தக் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து இருந்தால் மட்டும் போதாது, அதை அறிந்து கொடுக்க ஆள் வேண்டும்.

டாக்டர் சாந்தா 1955-இல் எம்.டி. முடித்த கையோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். அப்போது அங்கே 12 படுக்கைகள்தான். புற்றுநோய் மருத்துவத்துக்கான டி.எம். படிப்பை அதே அடையாறு 1984-இல் தொடங்கியது. அவர் 2021-இல் மறையும் வரை அந்த இடத்தை விடவில்லை. அவர் 'செட்டில்' ஆகவில்லை என்று யாராவது சொல்வோமா?

இங்கே பெங்களூரில் 1973-இல் தொடங்கிய கித்வாய் மருத்துவமனைக்கு ஒசூர் எல்லை தாண்டியும் நோயாளிகள் வருகிறார்கள். பயந்துபோன ஒரு தாய்க்குத் தமிழிலும் கன்னடத்திலும் விளக்கிச் சொல்லக்கூடிய பிள்ளைகள் நம் வீடுகளில்தான் வளர்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்தப் பாதையைக் கேட்டால், வருடத்தை எண்ணி மனதை உடைக்காதீர்கள். "முதல் நீட்டுக்கு என்ன புத்தகம் வேணும்?" என்று கேளுங்கள்.