விளையாட்டும் ஒரு விளைச்சலே!

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“வேலை நேரத்தில் விளையாட்டு என்ன?” இக்கேள்வி எழாத வீடும் இல்லை, அலுவலகமும் இல்லை. உழைப்பும் விளையாட்டும் கீரியும் பாம்பும் போன்றவை என்றே பெரியவர்கள் பலர் எண்ணுகின்றனர். சிரித்தால் வேலை கெடும், பாடினால் நேரம் வீணாகும் என்பது அவர்கள் கருத்து. அக்கருத்தை நான் மறுக்கிறேன். என் மறுப்புக்குக் காரணம் நூல்களில் படித்தது மட்டுமன்று. என் அம்மா உப்பளத்திலிருந்து கொண்டுவந்த செய்தியுமாகும்.

எங்கள் ஊர் மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடிக்கு வடக்கே, கடலும் உப்பளமும் சூழ்ந்த பகுதி. இங்கே நெல் விளைகிறது என்பதைவிட உப்பு விளைகிறது என்று சொல்லக் கேட்டதே மிகுதி. ‘விளை’ என்பதற்கு விருப்பம் என்றும் பொருள் உண்டு. விரும்பி ஆடுவது விளையாட்டு. தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில், மகிழ்ச்சி பிறக்கும் நான்கு இடங்களுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்துள்ளார். விருப்பம் உள்ள இடத்தில் விளைச்சலும் பெருகும் என்பதற்கு இதோ ஒரு சான்று.

அம்மா விடியுமுன்னே அளத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஈர உப்பைத் தலையில் சுமக்கும்போது உப்புநீர் வழிந்து கழுத்தெல்லாம் புண்ணாகும். அம்மாவுடன் வேலை செய்யும் அத்தை ஒருவர், ஒரு மழைநாளில் தம் மகனுக்குக் காகிதக் கப்பல் செய்து கொடுத்தாராம். மடிப்பில் விழுந்த நீர் ஒரே பக்கமாக வழிவதைக் கண்டார். அடுத்துச் சுமை தூக்கிய நாளில், பழைய பாலிதீன் தாளை அதே போல மடித்துச் சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டார். உப்புநீர் கழுத்தில் படாமல் பின்னால் சொட்டியது! “கூலிக்கு வந்தீர்களா, கும்மாளம் போட வந்தீர்களா?” என்று மேற்பார்வையாளர் அதட்டினார். ஆனால் ஒரே வாரத்தில் அந்த வரிசையில் நடந்த பெண்கள் அத்தனை பேர் தலையிலும் கப்பல் மிதந்தது. பிள்ளையோடு விளையாடிய கைதான், பெரியவர்களின் புண்ணுக்கு வழி கண்டது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். துடுப்புப் போடும்போதும் வலை இழுக்கும்போதும் மீனவர் பாடும் பாட்டுக்கு ‘அம்பா’ என்று பெயர். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் சேர்ந்து குரல் கொடுப்பர். குரல் ஒன்றானால் இழுப்பும் ஒன்றாகும். பத்துப் பேர் தனித்தனியே இழுத்தால் வராத வலை, தாளத்துக்கு இழுத்தால் கரை சேரும். ஆகவே அம்பா வெறும் களைப்பு நீக்கும் பாட்டன்று; துடுப்பைப் போல அதுவும் ஒரு கருவியே. நெல்லைச் சீமையைச் சேர்ந்த பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்து 1964-இல் வெளிவந்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ என்னும் நூலும், உழைப்போடு பிறந்த பாட்டுகளைப் பாதுகாத்துத் தந்தது. இன்று விசைப்படகின் இரைச்சலில் அம்பா அருகிவிட்டது. இயந்திரம் வந்தது தவறன்று. பாட்டோடு சேர்ந்து கூடிச் சிரிக்கும் வழக்கமும் போவதுதான் தவறு.

“பாட்டு சரி, அலுவலகத்தில் விளையாட்டால் என்ன பயன்?” என்று கேட்பீர்கள். சென்னைத் துறைமுக அலுவலகத்தைப் பாருங்கள். 1912 மார்ச் முதல் நாள் அங்கே கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார் ஓர் இளைஞர். மாதச் சம்பளம் 30 ரூபாய். அவர்தாம் கணிதமேதை இராமானுஜன். எண்கள் அவருக்கு விளையாட்டுத் தோழர்கள். ‘கணக்கு எழுத வந்தவனுக்குக் கணிதம் எதற்கு?’ என்று மேலதிகாரிகள் விரட்டவில்லை. கணிதம் அறிந்த நாராயண ஐயர் அவரோடு அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தார். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913 ஜனவரியில் அவர் இங்கிலாந்திலிருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோதும் துறைமுக எழுத்தராகவே இருந்தார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அன்று கண்டிப்பு மட்டுமே தெரிந்த ஓர் அதிகாரி அங்கிருந்திருந்தால், உலகம் ஒரு மேதையை இழந்து, துறைமுகம் ஓர் எழுத்தரை மட்டும் பெற்றிருக்கும் அன்றோ!

வெளிநாட்டிலும் இதுவே கதை. அமெரிக்காவின் ‘த்ரீ எம்’ நிறுவனம், ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 விழுக்காட்டைத் தம் சொந்த யோசனைகளுக்குச் செலவிட இடம் தந்தது. அங்கே 1968-இல் ஸ்பென்சர் சில்வர் என்பவர் கண்டுபிடித்த பசை, அழுத்தமாக ஒட்டாமல் எளிதில் உரிந்து வந்தது. அது எதற்கும் பயன்படாது என்றே பலரும் நினைத்தனர். ஆர்ட் பிரை என்னும் மற்றோர் ஊழியர் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள்கள் விழுந்துகொண்டே இருந்தன. நம் பாடகர் குழுத் தோழியருக்கும் இத்தொல்லை தெரியுமே! அந்தப் பசையைத் தாளில் தடவினால் என்ன என்று 1974-இல் அவருக்குத் தோன்றிற்று. அலுவலகங்களில் இன்று காணும் சிறு ஒட்டுத்தாள் அப்படிப் பிறந்தது.

எதிர்வாதத்தையும் கேட்போம். விளையாட்டு எல்லை மீறினால் விபத்து நேரும் என்பர். உண்மைதான். முத்துக் குளிக்க மூழ்கியவரின் கயிற்றைப் படகில் பிடித்திருந்தவர், அந்நேரத்தில் வேடிக்கை பார்த்திருக்க முடியாது. இடமறிந்து ஆடுவதே விளையாட்டு. இடமறியாமல் ஆடுவது பொறுப்பின்மை.

இன்னொன்றும் உண்டு. முதுகு வளைந்தவரிடம் போய், “மகிழ்ச்சியாக வேலை செய்யுங்கள்” என்று மட்டும் சொல்வது கேலியாகும். முதலில் நியாயமான கூலி, குடிநீர், நிழல், ஓய்வு வேண்டும். இதை நமக்குக் கற்பித்த ஊரும் தூத்துக்குடியே. 1908-இல் இங்கே கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றனர். கூலி உயர்வோடு ஞாயிறு ஓய்வையும் அவர்கள் பெற்றனர். ஓய்வில்லாதவருக்கு விளையாட்டு ஏது? ஆகவே கூலிக்குப் பதிலாக விளையாட்டை நான் கேட்கவில்லை; கூலியோடு சேர்த்துக் கேட்கிறேன்.

அன்புத் தோழியரே! இன்னும் சில ஆண்டுகளில் நம்முள் சிலர் ஆசிரியைகளாகவும், செவிலியராகவும், அதிகாரிகளாகவும் இருப்போம். நமக்குக் கீழே நாலு பேர் வேலை செய்யலாம். இக்கட்டுரையை எழுதும்போது அம்மாவிடம், “நான் பெரிய வேலைக்குப் போனால் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டேன். அம்மா கழுத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே, “பாடிக்கிட்டே வேலை செய்யிறவளைத் திட்டாதே, போதும்” என்றார்கள்.

அதைவிட நல்ல முடிவுரை எனக்குத் தெரியவில்லை. உழைப்போம், உழைக்கும் இடத்தில் சிரிப்புக்கும் ஓர் இடம் வைப்போம்!