பேசக் கடன்பட்டவர் யார்?

இங்கிலாந்தின் கால்பந்தாட்டம் குறித்து எழுதுவோரிடையே நெடுங்காலமாக ஒரு கேள்வி உலவி வருகிறது. 'இத்தனை ஆயிரம் ஆட்டக்காரர்களில் தன்பாலீர்ப்புடையோர் ஒருவர்கூடவா இல்லை? இருப்பவர் ஏன் எழுந்து நின்று சொல்லக்கூடாது? புகழும் பொருளும் பெற்ற ஒருவர் துணிந்து சொல்லிவிட்டால், பெயர் தெரியாத எத்தனையோ இளைஞர்க்கு அது தெம்பாக அமையுமே!' என்பது அக்கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் நல்லெண்ணம் படைத்தவரே. ஆயினும் அவர்கள் தட்டுகிற கதவு தவறான கதவு என்பதே நமது கட்சி.

ஜஸ்டின் ஃபஷானுவின் வரலாற்றை அறிந்தவர் அக்கேள்வியை அவ்வளவு எளிதாகக் கேட்டுவிட மாட்டார். நைஜீரியத் தந்தைக்கும் கயானா நாட்டுத் தாய்க்கும் 1961இல் லண்டனில் பிறந்தவர் அவர். பெற்றோர் பிரிந்தபின் ஆதரவற்றோர் இல்லத்தில் விடப்பட்டு, நார்ஃபோக் நாட்டுப்புறத்தில் ஒரு வெள்ளையர் குடும்பத்தின் வளர்ப்புப் பிள்ளையாக ஆளானார். நாரிச் அணிக்காக 1980இல் லிவர்பூலை எதிர்த்து அவர் அடித்த கோலை அப்பருவத்தின் தலைசிறந்த கோலாக பி.பி.சி. தேர்ந்தது. மறு ஆண்டே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகம் பத்து லட்சம் பவுண் கொடுத்து அவரை வாங்கிற்று. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்நாட்டில் அதற்குமுன் அத்துணை விலை தரப்பட்டதில்லை. ஆனால் தன்பாலீர்ப்பாளர் கூடும் விடுதிகளுக்கு அவர் செல்கிறார் என்று செவியுற்ற மேலாளர் பிரையன் கிளஃப், அவரைப் பயிற்சித் திடலுக்குள் காலெடுத்து வைக்கவும் விடாமல் விலக்கினார். இவையெல்லாம் அவர் வாய் திறப்பதற்கு முன் நடந்தவை!

1990 அக்டோபரில் 'தி சன்' நாளேட்டில் அவர் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். உடன்பிறந்த தம்பி, அவரும் பெயர்பெற்ற கால்பந்து வீரரே, பத்திரிகை வாயிலாகவே அண்ணனைத் தள்ளிவைத்துப் பேசினார். பார்வையாளர் வரிசைகளிலிருந்து வசைமாரி பொழிந்தது. அதன்பின் எக்கழகத்திலும் காலூன்ற முடியாமல் நாடு விட்டு நாடு அலைந்தார். ஃபஷானுவைக் குறையற்ற தியாகியாகச் சித்திரிப்பது நமது நோக்கமன்று. தம் கதையை அவர் பணத்துக்கு விற்றார். அரசியல்வாதிகளைப் பற்றி அவர் பத்திரிகைகளுக்கு விற்க முயன்ற கதைகள் பொய்யென்று 1994இல் வெளிப்பட்டு, அப்போதிருந்த வேலையையும் இழந்தார். 1998இல் அமெரிக்காவில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் அவர்மீது பாலியல் குற்றம் சாட்டினார். அதை மறுத்து ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு, அவ்வாண்டு மே மாதம் லண்டனில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது 37. குறையுள்ள மனிதர்தாம். ஆனால் பேசும் உரிமையும் வாழும் உரிமையும் குறையற்றவர்க்கு மட்டுந்தான் என்று யார் விதித்தார்கள்?

அவருக்குப்பின் இங்கிலாந்தின் தொழில்முறை ஆடவர் ஆட்டத்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே அவ்வாறு சொன்னவர் 2022 வரை ஒருவருமில்லை. ஜெர்மனிக்காக 52 முறை ஆடிய தாமஸ் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர்கூட, ஓய்வுபெற்ற பின்னர், 2014 ஜனவரியில்தான் வாய் திறந்தார். இதைக் கோழைத்தனம் என்பவர் உண்டு. நாம் அதைக் கணக்கறிந்த எச்சரிக்கை என்போம். பெண்கள் ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கே இது இப்போதெல்லாம் செய்தியாகவும் எழுதப்படுவதில்லை.

நமது வாசகர்க்கு நன்கு பழகிய ஒரு வேறுபாட்டால் இதை விளக்கலாம். ஸகாத் கடமை, ஸதகா விருப்பம். ஸகாத்தும் எல்லார்மீதும் கடமையன்று. நிஸாப் அளவுக்குமேல் உடைமை உள்ளவர்மீதுதான் அது விழும். இல்லாதவனிடம் போய் ஸகாத் கேட்பவனை என்னென்பது? தன்பாலீர்ப்புடைய ஆட்டக்காரர் தம்மை வெளிப்படுத்திக்கொள்வது ஸதகா போன்றது. கொடுத்தால் நன்று, கேட்க நமக்கு உரிமையில்லை. எதையும் இழக்காமலே பேசக்கூடிய நிலையில் இருக்கிறாரே மற்ற ஆட்டக்காரர், புகழ் என்னும் உடைமை நிஸாபைத் தாண்டிக் குவிந்து கிடக்கும் நட்சத்திரம், அவர்மீதுதான் கடமை. ஊரார் செய்வதோ நேர்மாறு! கடன்படாதவன் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். கடன்பட்டவன் கையில் ஒரு வண்ணப்பட்டையைக் கட்டிவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்கிறார்கள்.

அந்தப் பட்டையின் பெறுமதி எவ்வளவு என்பது 2022 நவம்பரில் கத்தாரில் தெரிந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகளின் அணித்தலைவர்கள் உலகக் கோப்பை ஆட்டங்களில் 'ஒன் லவ்' கைப்பட்டை அணிவதாக அறிவித்திருந்தனர். அணிந்தால் மஞ்சள் அட்டை காட்ட நேரும் என்ற எச்சரிக்கை ஃபிஃபாவிடமிருந்து வந்தது. ஏழு நாடுகளும் பின்வாங்கின. சிறையன்று, கசையடியன்று, ஊர்விலக்கமன்று. ஒரு மஞ்சள் அட்டை! இரண்டு நாள் கழித்து ஜெர்மானிய வீரர்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு படத்துக்கு நின்றனர். அட்டையைப் பெற்றுக்கொண்டு ஆடியிருந்தால் அந்தப் படத்துக்குத் தேவையே இருந்திராது.

இங்கிலாந்து பட்டையைக் கழற்றிவைத்த அதே நவம்பர் 21ஆம் நாள், அதே திடலில் எதிரே நின்ற அணி ஈரான். மஹ்ஸா அமீனியின் மரணத்தை அடுத்து அந்நாட்டில் கிளர்ச்சி மூண்டிருந்த நேரம் அது. தேசிய கீதம் ஒலித்தபோது ஈரானிய வீரர்கள் பதினொருவரும் வாய் திறக்கவில்லை. முந்தின நாள் அவர்களின் தலைவர் எஹ்ஸான் ஹாஜ்ஸஃபி, உறவை இழந்து தவிக்கும் தம் மக்களின் பக்கம் தாங்கள் நிற்பதாகச் செய்தியாளரிடம் கூறியிருந்தார். திரும்பிச் செல்ல வேண்டிய வீடும் பெற்றோரும் அந்நாட்டிலேயே இருக்கும் மனிதர்களின் மௌனம் அது. அடுத்த ஆட்டத்தில் அவர்கள் கீதம் பாடினார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆட்டத்தில் இங்கிலாந்து ஆறுக்கு இரண்டு என்று வென்றது. வேறு எதிலும் வென்றதாக நமக்குத் தோன்றவில்லை.

ஜோர்டன் ஹெண்டர்சனின் செய்தி இன்னும் கசப்பானது. லிவர்பூலின் தலைவராக இருந்த ஆண்டுகளில் அவர் வானவில் நாடாவைக் காலணியில் கட்டினார். வானவில் பட்டையைக் கையில் அணிந்தார். ஆதரவாகப் பேசவும் செய்தார். தன்பாலீர்ப்புடைய ரசிகர்கள் அவரைத் தம் நண்பராகவே எண்ணினர். 2023 ஜூலையில் பெரும் ஊதியத்தில் ஸவூதி அரேபியாவின் அல் இத்திஃபாக் கழகத்துக்குச் சென்றார். அக்கழகம் அவரை வரவேற்று வெளியிட்ட படத்தில், லிவர்பூல் காலத்து வானவில் பட்டை சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பின்னர் ஒரு நேர்காணலில், மனம் புண்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் வெம்ப்ளியில் சொந்த நாட்டு ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். ஆறே மாதத்தில் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகத்துக்குப் பெயர்ந்தார்.

இங்கே நம் வழக்கு ஸவூதியின் சட்டத்தோடன்று. அது தனியே விசாரிக்க வேண்டிய வழக்கு. அந்தச் சட்டம் இன்னதென்று தெரிந்தே சென்றவரோடுதான் நம் வழக்கு. நம்மவரில் சிலர், 'பார்த்தீர்களா, மேல்நாட்டார் வேடம் கலைந்தது!' என்று கைகொட்டி மகிழ்ந்ததையும் கண்டோம். மகிழ என்ன இருக்கிறது? ஒருவனின் சொல்லை நம்பி நின்றவர்கள் கைவிடப்பட்டிருக்கிறார்கள். வாக்கு அமானிதம் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் சமுதாயம், அமானிதம் பாழானதைக் கண்டு சிரிக்கலாமா?

சிரித்தவர்களே 2024 டிசம்பரில் சாம் மோர்சியைத் தூக்கிக் கொண்டாடினர். இங்கிலாந்தின் முதல்நிலைக் கூட்டணியில் ஆடும் இருபது அணித்தலைவர்களில், வானவில் பட்டையை அணியாதவர் இப்ஸ்விச்சின் தலைவரான அவர் ஒருவரே. தம் மார்க்க நம்பிக்கையே காரணம் என்றார். கழகமும் அதை மதிப்பதாகக் கூறிற்று. மோர்சி செய்ததில் நமக்குக் குற்றம் தெரியவில்லை. நிய்யத் இல்லாமல் பிறர் கட்டிவிடும் பட்டை பட்டையே தவிரப் பேச்சாகாது. இருபதில் பத்தொன்பது பேர் சொல்லிக்கொடுத்தபடி அணிந்தபோது, மறுத்த ஒருவராவது தாம் நினைத்ததைச் செய்தார்.

ஆனால் கொண்டாடியவர்களிடம் கேட்க நமக்கு ஒரு கேள்வி உண்டு. பட்டையை மறுத்ததோடு கடமை முடிந்ததா? செல்ஸி அணியினரை நோக்கிப் பாடப்பட்டுவந்த ஓர் இழிசொல்லை, தன்பாலீர்ப்பாளர்மீதான வெறுப்புக் குற்றம் என்று 2022இல் இங்கிலாந்தின் அரசு வழக்குத்துறை வகைப்படுத்தியது. ஆயிரம் பேர் சேர்ந்து அதைப் பாடும்போது, நடுவரிடம் போய் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதற்கு எந்தப் பட்டை வேண்டும்? எந்த மார்க்கம் தடுக்கிறது? ஒருவரின் நடத்தையை ஏற்காதவருக்கும், அவர்மீது கல்லெறிபவனின் கையைப் பிடிக்கக் கை இருக்கிறதே! தோலின் நிறத்தையும் தாடியையும் சொல்லித் தம்மை அதே வரிசைகளிலிருந்து வைதவர்களை நம் பிள்ளைகள் நன்கறிவார்கள். அப்போது பக்கத்தில் நின்றவன் வாய் திறக்கமாட்டானா என்று ஏங்கியவர்களும் அவர்களே.

கூட்டணிக்கும் ஸ்டோன்வால் அமைப்புக்கும் 2017இல் தொடங்கிய உறவு 2025இல் முடிவுற்றது. வானவில் நாடாவும் அதனோடு போயிற்று. அழுவாரும் ஆர்ப்பரிப்பாரும் ஒருபுறம் இருக்கட்டும். நாடா போனால் நாவுமா போய்விடும்?

2022 மே மாதம் பிளாக்பூல் கழகத்தின் ஜேக் டேனியல்ஸ், பதினேழே வயதில், தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். எந்தப் பத்திரிகையும் அவரைத் துரத்தவில்லை; எவரும் அவர் பெயரைச் சந்தியில் இழுக்கவில்லை. முதலில் தாயிடமும் தமக்கையிடமும் சொன்னார். மறுநாள் அக்ரிங்டன் அணியின் இளைஞரோடு ஆட்டம். அதில் நான்கு கோல் அடித்தார். செய்தியாளர்க்குச் சொன்னது அதற்கெல்லாம் பின்புதான்.